நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்

கோலார் தங்க வயலின் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு முதல் ரயில் விடியும் முன்பே கிளம்பிவிடும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வழிநெடுக டிபன் பையோடு ஏறுகிறவர்கள், பங்காரப்பேட்டையில் பெரிய பாதையைப் பிடித்து, எண்பது கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வேலைக்குப் போகிறார்கள். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மாலையில் அதே தூரத்தைத் திரும்பக் கடந்து வீட்டு வாசலை மிதிக்கும்போது எட்டரை, ஒன்பது மணி. அவர்களுடைய பிள்ளைகளுக்கோ நாலு, நாலேகாலுக்கே பள்ளிக்கூடம் விட்டுவிடுகிறது.

பழைய கோலார் தங்க வயலில் இந்த இடைவெளி இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. 1880இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்படும் வரை, வேலை காலடியிலேயே இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஷிஃப்ட் முறையில் சுரங்கத்தில் இறங்கினார்கள். அதனால் லைன் வீடுகளில் ஏதாவது ஒரு வேளை அப்பாவோ மாமாவோ பகலில் இருப்பார். அந்த வாழ்க்கையை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பாறை வெடிப்புகளும், நுரையீரலில் படிந்த கல் தூசும் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்திருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் தெருவில் பெரியவர்கள் இருந்தார்கள். சுரங்கம் மூடியதும் வேலை பெங்களூருக்குப் போயிற்று. வேலையோடு அந்தப் பெரியவர்களும் போய்விட்டார்கள்.

அந்த இடத்தை இப்போது நிரப்புவது பாட்டி வீடும் டியூஷனும்தான். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுத வைக்கும் டியூஷன் அக்கா, உண்மையில் செய்வது குழந்தைப் பராமரிப்பு. பெற்றோர் கொடுக்கும் பணம் பாடத்துக்கு என்று பேர். அவர்களுக்குத் தேவைப்படுவது, இருட்டும்வரை பிள்ளை ஒரு பெரியவர் கண்முன் இருப்பது. அரசின் காப்பகத் திட்டமான பால்னா ஆறு மாதம் முதல் ஆறு வயது வரைக்கும்தான். அங்கன்வாடியும் அந்த வயதோடு நின்றுவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளையின் மாலை நேரத்துக்குப் பொறுப்பேற்கும் பரவலான ஏற்பாடு எதுவும் இல்லை. 2016க்குப் பிறகு டேட்டா மலிவானது, 2020இல் பள்ளிகள் மூடிப் பாடமே போனுக்குள் போனது, இரண்டும் சேர்ந்து அந்த வெற்றிடத்தில் செல்போனைக் கொண்டுவந்து வைத்துவிட்டன.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் முதலில் கேட்பது, 'எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?' என்பதைத்தான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வரை பெரியவர் மேற்பார்வையில் அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். உலக சுகாதார அமைப்பு 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதே அளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அவசியம். ஆனால் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைக்கு மணிக்கணக்கு மட்டும் போதாது என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரம் என்று ஒரே அளவு சொன்னாலும், அது மாலை ஐந்து மணியின் ஒரு மணி நேரமா, இரவு ஒன்பதின் ஒரு மணி நேரமா என்பதைப் பொறுத்து உடம்பில் நடப்பது வேறு. பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா, இல்லையா என்பதைப் பொறுத்து மூளையில் நடப்பதும் வேறு. அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது எது என்று பார்ப்பதுதான் பயனுள்ள கேள்வி.

கண்ணிலிருந்து தொடங்கலாம். பிறந்த குழந்தையின் விழி சிறியது. வளர வளர அது முன்பின்னாக நீள்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளி சரியாக விழித்திரையில் குவியும் நீளத்தில் அந்த வளர்ச்சி நிற்க வேண்டும். நிற்காமல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே, இரண்டரை டயாப்டருக்குக் குறையாமல் கிட்டப்பார்வை வந்துவிடும். ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துபோவதால் கரும்பலகை மங்கும். கண்ணாடி போட்டால் எழுத்து தெளியும். ஆனால் நீண்ட விழி சுருங்குவதில்லை. நீட்சி மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை விலகுவது, கண்ணழுத்த நோய் போன்ற ஆபத்துகளும் கூடுகின்றன.

விழி எப்போது நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? இதற்கான விடையில் பெரும்பங்கு வெளிச்சத்துக்கு இருக்கிறது. பிரகாசமான ஒளி படும்போது விழித்திரை டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது; விழியின் நீட்சியை அது தடுத்து நிறுத்துகிறது. கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளில், பிரகாசமான ஒளியில் இருந்தவற்றுக்குக் கிட்டப்பார்வை மெதுவாகவே வளர்ந்தது. டோபமினைச் செயல்படவிடாமல் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. இங்கே பிரகாசம் என்று சொல்வது டியூப் லைட்டை அல்ல. வீட்டு அறைக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே நமக்கு அது நல்ல வெளிச்சம்தான். வெளியே மர நிழலில் அது பல ஆயிரம் லக்ஸ். வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. விழித்திரை அதை உணர்கிறது.

2008இல் வெளியான ஓர் ஒப்பீடு இதை மறக்க முடியாதபடி காட்டியது. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் பரிசோதித்தார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். பெற்றோரின் கிட்டப்பார்வை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வியப்பு என்னவென்றால், படிப்பது, எழுதுவது போன்ற கிட்ட வேலையைச் சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகம் செய்தார்கள். பெரிய வேறுபாடு, வெளியில் இருந்த நேரத்தில்தான் இருந்தது. சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

இது வெறும் தற்செயல் உறவாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சீனாவின் குவாங்சோ நகரம் பதில் தந்தது. அங்கே பன்னிரண்டு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளை எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடியவர்களிடம் அது குறைவாக இருந்தது.

இப்போது தங்க வயலின் மாலையைப் பாருங்கள். மழைக்காலம் போய்ப் பனி தொடங்கினால் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பள்ளி நாளில் பிள்ளைக்கு மிஞ்சும் சூரிய ஒளி நாலு முதல் ஆறு வரைதான். டியூஷன் ஐந்து முதல் ஏழு வரை. நடுவில் உள்ள நேரம் காபி, பிஸ்கட், போன். அதாவது இருக்கும் இரண்டு மணி நேர ஒளியையும் கூரைக்கு அடியில் கழித்துவிட்டு, இருட்டிய பிறகு பிள்ளையை விடுவிக்கிறோம். போனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கையெழுத்து நோட்டைக் கொடுத்தால் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை. டியூஷன் அக்காமார் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், நேரத்தை முன்பின்னாக மாற்றுவது. பிள்ளைகள் வந்ததும் முதல் முக்கால் மணி நேரம் வெளியே, பிறகு பாடம். செலவு ஏதுமில்லை. பெற்றோரிடம் மட்டும், 'முதல்ல கொஞ்ச நேரம் வெளிய விடறேன், அதுவும் கண்ணுக்காகத்தான்' என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

எங்கே விடுவது என்பது இந்த ஊரில் சாதாரணக் கேள்வி அல்ல. சயனைடு கொண்டு தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு மண் 13 இடங்களில் குன்றாகக் குவிந்து கிடக்கிறது. எல்லாம் சேர்த்துச் சுமார் 3.3 கோடி டன். சினிமா படப்பிடிப்புக்கு அழகாக இருக்கும் அந்தச் சயனைடு குன்றுகள் பிள்ளைகளுக்குச் சறுக்கு மரம்போலத் தெரிகின்றன. மாவுபோல நுண்ணிய அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது ஊருக்குள் பறந்து வருகிறது. தாத்தாக்களின் நுரையீரலைக் கெடுத்ததும் கல் தூசுதான். ஆகவே குன்றில் ஏறவிடக் கூடாது, குன்றின் காற்றுத் திசையிலும் விளையாட விடக் கூடாது. ஆனால் இது கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பேர் போன ஊர். கம்பெனி காலத்து மைதானங்களும் சர்ச், பள்ளிக்கூட வளாகங்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாலை நாலரை முதல் ஆறு வரை டியூஷன் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஒரு சாவியும் ஒரு பெரியவரும் போதும். மைதானம் எட்டாத தெருவில், வீட்டு வாசலில் பாண்டி ஆடினாலும் விழித்திரைக்கு அதே ஒளி கிடைத்துவிடும்.

அடுத்தது பேச்சு. தங்க வயலில் ஒரு பிள்ளை வீட்டில் தமிழும், கடையில் கன்னடமும், பக்கத்து வீட்டில் தெலுங்கும், இன்னொரு தெருவில் உருதுவும், வகுப்பில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறது. இவ்வளவு மொழியையும் பிள்ளைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது மனிதர்கள். 2003இல் அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு, ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்க வைத்தது. நேரில் ஒருவர் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசியபோது, குழந்தைகள் அந்த மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே நபர்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்றபோது எதுவும் கற்கவில்லை. கைக்குழந்தை மொழி கற்க எதிரில் ஓர் ஆள் வேண்டும். அது பார்க்கும் இடத்தைத் தானும் பார்த்து, அது சிரிக்கும்போது சிரிக்கும் ஆள். வயது ஏற ஏற இந்த வேறுபாடு குறைகிறது. பத்து வயதுப் பிள்ளை வீடியோ பார்த்து நிறையவே கற்றுக்கொள்ளும். ஆனால் பாட்டி வீட்டில் பத்து வயது அக்காவோடு ஒன்றரை வயதுத் தம்பியும்தான் இருக்கிறான்.

அவன் திரையைப் பார்க்கவே இல்லை, சும்மா விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான் என்று தோன்றலாம். 2008இல் வந்த ஓர் ஆய்வு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று வயதுள்ள 50 குழந்தைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விட்டார்கள். அதில் பாதி நேரம் பின்னணியில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஓடியது. குழந்தைகள் திரையை எப்போதாவது சில நொடிகள்தான் பார்த்தன. இருந்தும் டி.வி. ஓடிய நேரத்தில், ஒரு பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் குறைந்தது. கவனம் அடிக்கடி அறுந்தது. மாலை சீரியல் பாட்டிக்குள்ள ஒரே ஓய்வு. அதைப் பறிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு சீரியல் முடிந்ததும் அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போடலாம். யாரும் பார்க்காதபோது ஓடிக்கொண்டிருக்கும் டி.வி.தான் வீண்.

இவ்வளவு சொன்னதால் டியூஷன் அறையில் திரையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி நேரத்துக்குப் பிறகு திரையை வைத்துச் செய்த நல்ல ஆய்வுகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. குஜராத்தில் ஞான் சாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் கணிதத்துக்கு ஒரு கணினி நிரலைப் பொருளியலாளர் லீ லிண்டன் சோதித்தார். சில பள்ளிகளில் அது வகுப்பு நேரத்தில், ஆசிரியர் கற்பிப்பதற்குப் பதிலாக வந்தது. வேறு சிலவற்றில் பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாக வந்தது. நிரல் ஒன்றேதான். முதல் வகையில் பிள்ளைகள் பின்தங்கினார்கள். இரண்டாவது வகையில் முன்னேறினார்கள். திரை எதை இடம் தள்ளியது என்பதுதான் விளைவைத் தீர்மானித்தது. நல்ல ஆசிரியரைத் தள்ளியபோது நஷ்டம். சும்மா போயிருக்கக்கூடிய நேரத்தை எடுத்துக்கொண்டபோது லாபம்.

டெல்லியில் நடந்த வேறோர் ஆய்வு நம் டியூஷனுக்கு இன்னும் நெருக்கமானது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் பாதிப் பேருக்கு ஒரு மாலை மையத்தில் இலவச இடம் வாங்கிக் கொடுத்தார்கள். ஓர் அமர்வு 90 நிமிடம். அதில் 45 நிமிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினி நிரல். அது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான் வருகிறது என்றால் அங்கிருந்தே தொடங்கும். மீதி 45 நிமிடம் பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட குழுவாக ஓர் உதவியாளரோடு. நாலரை மாதத்தில் இவர்கள் கணிதத்திலும் ஹிந்தியிலும் கற்றது, இடம் கிடைக்காதவர்கள் கற்றதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இதில் கணினியின் பங்கு எவ்வளவு, கூட இருந்தவரின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. இன்னொரு பக்கம் பெரு நாட்டில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது கணிதத்திலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் இல்லை. கருவி மட்டும் போனது; அதோடு உட்கார யாரும் போகவில்லை.

உட்கார ஆள் கிடைப்பது முடியாத காரியமல்ல என்பதைப் பக்கத்து மாநிலம் காட்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மாலை ஐந்து முதல் ஏழுக்குள் தெருவிலேயே சொல்லித்தரத் தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்கள் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கு அருகில், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய். ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கணக்கிட்டது. எல்லை தாண்டி இருப்பதால் தங்க வயலின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. டிகிரி முடித்துவிட்டு ரயில் ஏற முடியாமல் வீட்டில் இருக்கும் இளம் பெண்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கர்நாடக அரசோ நகரசபையோ ஒரு மதிப்பூதியம் கொடுத்தால், இன்று பேரில்லாமல் நடக்கும் மாலைப் பராமரிப்பு பேரோடு நடக்கும்.

போனை வாங்கி வைப்பதில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. 'இன்னும் ரெண்டு நிமிஷம்தான்' என்று முன்கூட்டிச் சொல்வது நல்லது என்றே எல்லோரும் நம்புகிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் ஹினிக்கர் குழு 2016இல் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் பார்த்தபோது, இரண்டு நிமிட எச்சரிக்கை அழுகையைக் கூட்டவே செய்தது. கதை தானாக முடியும் இடத்தில் நிறுத்தியபோது பிள்ளைகள் சுலபமாக எழுந்துபோனார்கள். தானே அடுத்ததற்குத் தாவும் குறும்படங்களில் முடியும் இடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே ஒரு வீடியோவைப் போட்டுக் கொடுத்தால் சண்டை பாதியாகக் குறையும்.

கடைசியாக இரவு. டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, அம்மா வரும்வரை தூங்க மாட்டேன் என்று பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரம். தூக்கம் வராமல் இருக்கப் பாட்டியே போனைக் கொடுப்பதும் உண்டு. இருட்டத் தொடங்கியதும் மூளையிலிருந்து சுரக்கும் மெலடோனின்தான் உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. ஒளி பட்டால் அது அடங்கிவிடும். சின்னப் பிள்ளைகளின் கண்மணி பெரிது, லென்ஸ் தெளிவு. அதனால் பெரியவர்களைவிட அதிக ஒளி உள்ளே போகிறது. கொலராடோவில் 2022இல் வெளியான ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் படுக்கும் முன் ஒரு மணி நேரம் வெவ்வேறு அளவு ஒளி காட்டினார்கள். வெறும் 5 முதல் 40 லக்ஸ் வரையிலான மங்கிய ஒளியிலேயே மெலடோனின் சராசரியாக 78 சதவீதம் குறைந்தது. அந்த அளவுக்குப் போனும் போதும், அறை விளக்கும் போதும். எனவே எட்டு மணிக்குப் போனை எடுத்து வைப்பதோடு டியூப் லைட்டையும் அணைத்து, சின்ன பல்பின் வெளிச்சத்தில் பாட்டியோடு பேசிக்கொண்டு காத்திருக்கட்டும். அம்மா வரும்போது பிள்ளை விழித்திருந்தாலும், பத்து நிமிடத்தில் தூங்கிப்போகும் நிலையில் இருக்கும்.

ஆனால் ரயில் ஒன்பதைத் தாண்டினால் டியூஷன் அக்காவாலும் பாட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். காலையில் அதே வீட்டில் விளக்கு எரியத் தொடங்குவது நாலரைக்கு. மாரிகுப்பம் பாதையில் மாலை வண்டியை முன்கூட்டி விடச் சொல்லியோ, பங்காரப்பேட்டையில் காக்க வைக்காமல் அனுப்பச் சொல்லியோ பயணிகள் எழுதும் மனுவில் கூட்ட நெரிசலோடு பிள்ளைகளின் தூக்க நேரத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்து எழுதலாம். இந்தக் கட்டுரையில் உள்ள எண்களை அதற்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.